பெரியப்பாவின் சீட்டுப் பணம்: பிஎஸ்5-ஆ, பிசியா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கட்டும் என்று சில இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

இந்தத் தடவை காரைக்குடியிலேருந்து பேசுறேன். நடுவுல மிக்ஸி சத்தம் கேட்டா அது எங்க வீட்டு அடுப்படி. எடிட்ல எடுக்கப் பார்த்தேன், முழுசா போகல, பொறுத்துக்கங்க.

போன வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பெரியப்பா விஷயத்துக்கு வந்துட்டாங்க. "ஏப்பா, நீ கம்ப்யூட்டர்லயே வேலை பாக்குற ஆளு. சீட்டு எடுத்ததுல எழுபத்தஞ்சாயிரம் இருக்கு. இவன் ஒண்ணு கேக்குறான், கடையில வேற ஒண்ணு சொல்றாக. எதை வாங்குனா நாலு வருஷம் ஓடும்?"

இவன்னா தம்பி, பெரியப்பா மகன். இன்ஜினியரிங் முதல் வருஷம், வீட்டிலேருந்து பஸ்ல போய்ட்டு வர்றான். அப்பாகிட்ட "கோடிங் பண்ணணும்"னு சொல்லியிருக்கான். என்கிட்ட மாடிப்படியில வச்சு உண்மையைச் சொல்லிட்டான்: "அண்ணே, ஜிடிஏ 6 வருதுல்ல?" வருது. 2026 நவம்பர் 19-னு அறிவிச்சிருக்காங்க, பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும். பிசிக்குத் தேதியே சொல்லல. ஜிடிஏ 5-ம் இப்படித்தான், கன்சோல்ல 2013 செப்டம்பர்ல வந்தது பிசிக்கு வர 2015 ஏப்ரல் ஆச்சு. தம்பிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பதில் சொல்றதுக்கு முன்னாடி, இதுல நான் எவ்வளவு மோசமா தப்பு பண்ணினவன்னு சொல்லிடுறேன். அதைக் கேட்டுட்டு என் பேச்சைக் கேக்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

எங்க செட்டு, ப்ளஸ் டூ-ல அரசு லேப்டாப் வாங்கின செட்டு. 2011-ல ஆரம்பிச்ச திட்டம். 2 ஜிபி ரேம் இருந்த அந்த லேப்டாப்ல வைஸ் சிட்டி ஓட்டினதுதான் என் கேமிங் வாழ்க்கை. கிராஃபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு தனியா இருக்குன்னே காலேஜ் போய்த்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்து, கொரோனாவுல வீட்டுக்கு வந்து, கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும் "ஒரு நல்ல பிசி கட்டியே தீருவேன்"னு கிளம்பினேன். 2021 மார்ச். காலையில பல்லவன்ல ஏறி மத்தியானம் எழும்பூர்ல இறங்கி, நேரா ரிச்சி ஸ்ட்ரீட்.

அந்த நேரம்தான் உலகத்துலேயே கார்டு கிடைக்காத நேரம். ஒரு பக்கம் சிப் தட்டுப்பாடு, இன்னொரு பக்கம் எத்திரியம் மைனிங் பண்றவங்க கார்டை மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போறாங்க. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 2019 அக்டோபர்ல வந்தப்ப அமெரிக்காவுல 229 டாலர். அதை நான் 42,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "நாளைக்கு இன்னும் ஏறும் சார்"னு கடையில சொன்னாங்க. அவங்க பொய் சொல்லல, அடுத்த சில வாரம் ஏறவும் செஞ்சுது. அவசரம் என்னோடது. மொத்த பிசி 1,10,000 ஆச்சு. வீட்டுல "ஆபீஸ் வேலைக்கு வேணும்"னு சொன்னேன். தம்பி சொன்ன அதே பொய், வேற வார்த்தையில.

2022 செப்டம்பர் 15 அன்னைக்கு எத்திரியம் வேற முறைக்கு மாறிடுச்சு, கார்டு வச்சு மைனிங் பண்ற வேலையே முடிஞ்சுது. விலை அதுக்கு முன்னாடியே சரிய ஆரம்பிச்சாச்சு. 2023-ல என் கார்டை விக்கக் கேட்டப்ப 11,000-ன்னாங்க. முப்பத்தோராயிரம் ரூபாய் ரெண்டு வருஷத்துல காத்துல போச்சு. 2021 மழைக்கு முன்னாடி வீட்டு ஓடு மாத்தணும்னு அப்பா சொல்லிட்டு இருந்தாங்க. அந்த ஐப்பசியில அடுப்படி ஒழுகுச்சு. அப்பா என்கிட்ட எதுவும் கேக்கல, சட்டி எடுத்து வச்சாங்க. அதனால பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டப்ப எனக்கு வாய் உடனே வரல. ரெண்டு நாள் டைம் கேட்டேன்.

சரி, முதல்ல கன்சோல்.

பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2. டிஸ்க் மாடல் 49,990, டிஜிட்டல் 39,990. அமெரிக்க விலை 499 டாலர், அன்னைக்கு ரேட்டுக்கு முப்பத்தாறாயிரத்து ஐநூறு வரும். மீதி எங்கேன்னா, பெரும்பகுதி வரி. கேம் கன்சோலுக்கான சுங்க வரியை 2018 பட்ஜெட்ல 10-லேருந்து 20 சதவீதமா ஏத்தினாங்க. ஜிஎஸ்டி முதல்ல 28 ஆக இருந்து, 2019 ஜனவரியில 18 ஆச்சு.

முன்னாடியெல்லாம் கன்சோல் வாங்க ஒரு எளிய வழி இருந்துச்சு: பொறுத்திரு, ரெண்டு மூணு வருஷத்துல விலை இறங்கும். இந்தத் தலைமுறையில அது செத்துப்போச்சு. 2022 நவம்பர்ல பிஎஸ்5 ஐயாயிரம் ஏறி 54,990 ஆச்சு. 2024 ஏப்ரல்ல ஸ்லிம் வந்தப்பவும் அதே 54,990. அமெரிக்காவுலேயே 2025 ஆகஸ்ட்ல 499-லேருந்து 549 டாலருக்கு ஏத்தினாங்க. அஞ்சு வருஷப் பழைய மெஷின் புதுசுல இருந்ததைவிட விலை கூட. வாழைப்பழம் கறுத்ததுக்கு அப்புறம் டஜனுக்குப் பத்து ரூபாய் ஏத்தின மாதிரி.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். மெஷினா பார்த்தா பிஎஸ்5 இன்னும் நல்ல பேரம்தான். எட்டு கோர் பிராசஸர், 16 ஜிபி நினைவகம், வேகமான எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கிட்டத்தட்ட ஆர்டிஎக்ஸ் 2070 சூப்பர் அளவு. அதே திறமைக்கு இன்னைக்குப் புது பிசி கட்டினா எழுபத்தஞ்சாயிரத்துல நிக்காது. இவங்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுபடியாகுது? மெஷின்ல அவங்க சம்பாதிக்கிறதில்ல. 2021-ல எபிக்-ஆப்பிள் வழக்குல மைக்ரோசாஃப்டோட லோரி ரைட் கூண்டுல நின்னு சொன்னாங்க, எக்ஸ்பாக்ஸ் மெஷினை நாங்க எப்பவுமே லாபத்துக்கு வித்ததில்லன்னு. வருமானம் எல்லாம் கேம்லயும் சந்தாவுலயும். கடையில விக்கிற ஒவ்வொரு டிஜிட்டல் கேம்லயும் 30 சதவீதம் அவங்க பங்கு.

அப்போ மெஷினுக்குக் குறைச்சுக் கொடுத்ததை நம்மகிட்ட எப்போ திருப்பி எடுப்பாங்க? சோனியோட பெரிய கேம் ஒண்ணு புதுசுல 4,999 ரூபாய். பணம் கொடுத்து வாங்கின கேமை ஆன்லைன்ல நண்பர்களோட ஆட பிஎஸ் பிளஸ் வேணும், குறைஞ்ச சந்தாவே 2023 செப்டம்பர்ல வருஷத்துக்கு 2,999-லேருந்து 3,949 ஆச்சு. தம்பி மாதிரி ஒரு பையன் வருஷத்துக்கு மூணு புது கேம் வாங்குறான், ஆடி முடிச்சு டிஸ்க்கைப் பாதி விலைக்கு வித்துடுறான்னு வச்சுக்குவோம். நாலு வருஷத்துக்கு கேம் 30,000, சந்தா 15,800, மெஷின் 54,990. மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டுது. பெரியப்பா 75,000-னு நினைச்சுட்டு இருக்காங்க.

இங்க ஒரு சின்ன விஷயம். இந்தியாவுக்கு வந்தப்ப டிஜிட்டல் மாடல் பத்தாயிரம் குறைவுன்னு நிறைய பேர் அதுக்குப் போனாங்க. டிஸ்க் இருந்தா ஒரு கேமுக்கு 2,500 திரும்பி வரும், நாலு கேம்ல அந்தப் பத்தாயிரம் வந்துடும். அதுக்கு மேல வர்றது உங்க காசு. எங்க ஊர்ல டிஸ்க் கைமாத்துற ஒரு செட்டே இருக்கு, ஒரே கேம் அஞ்சு வீடு சுத்தி வரும். டிஜிட்டல்ல இந்த உறவெல்லாம் கிடையாது.

"சிங்கப்பூர் மாமாகிட்ட சொல்லிடலாமே"ன்னு பெரியம்மா கேட்டாங்க. செட்டிநாட்டுல பாதி வீட்டுல இந்தக் கேள்வி வரும்னு தெரியும்! ரங்கூன் தேக்கு வந்த வழியில இப்போ கேம் கன்சோல் வருது. பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பர்ல வந்தப்ப இந்தியாவுலயே விக்கல, அதுல இருந்த புது வைஃபைக்கான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போ இங்க அனுமதி இல்ல. அதனால திருச்சி ஏர்போர்ட் வழியா வந்தது கொஞ்சம் உண்டு. ஆனா வாரண்டி வாங்கின நாட்டுலதான். மெஷின் மக்கர் பண்ணினா மாமா அடுத்த தடவை வர்ற வரைக்கும் அது ஷோகேஸ்ல பொம்மை. கொலுவுக்கு வேணா வைக்கலாம்.

அடுத்தது கேமிங் லேப்டாப். கடையில சொன்னது இதைத்தான். ஹாஸ்டல்ல இருக்கிற பிள்ளைக்கு நானும் இதைத்தான் சொல்வேன், வேற வழியில்ல. ஆனா வாங்கும்போது ஒண்ணு பாருங்க. ஆர்டிஎக்ஸ் 4050-னு பேர் ஒண்ணா இருக்கும், உள்ளே ஓடுற வாட்ஸ் வேற வேறயா இருக்கும். லேப்டாப் 4050-க்கு என்விடியா கொடுத்திருக்கிற வரம்பே 35-லேருந்து 115 வாட்ஸ் வரை. ஒல்லியான லேப்டாப்ல 45 வாட்ஸ்ல ஓடுற 4050-ம், தடிமனானதுல 115-ல ஓடுறதும் ஒரே ஆள் இல்ல. முன்பக்க ஸ்டிக்கர்ல இது இருக்காது, ஸ்பெக் ஷீட்ல டிஜிபின்னு ஒரு வரி தேடிப் பிடிக்கணும். தம்பி தினம் வீட்டுக்கு வர்றவன். தூக்கிட்டு அலையத் தேவையில்லாதவன் எதுக்குச் சின்னப் பெட்டிக்குள்ள சூட்டை அடைச்சு வைக்கணும்?

சூடுன்னதும் ஞாபகம் வருது. என் பிசி மாடி ரூம்ல இருந்துச்சு, மேல வெறும் கான்கிரீட் தளம். மே மாசம் மத்தியானம் கேம் ஓட்டினா கார்டு 84 டிகிரி காட்டும். அதே பிசியை ஒரு நண்பன் வீட்டுல, பழைய வீடு, ரெண்டாங்கட்டுல ஆத்தங்குடிக் கல்லு பாவின தரையில வச்சு ஓட்டினோம். அதே கேம், அதே செட்டிங், 76. உயரமான கூரை, தடிச்ச சுவரு, நடுவுல வெளிச்சத்துக்கும் காத்துக்கும் திறந்த வளவு. நூறு வருஷத்துக்கு முன்னாடி கொத்தனார் பண்ணின கூலிங். யூடியூப்ல பெஞ்ச்மார்க் பண்றவங்க 21 டிகிரி ஏசி ரூம்ல உட்கார்ந்து பண்றாங்க, நம்ம மாடி ரூம் 38. அவங்க காட்டுற எஃப்பிஎஸ் நமக்கு அப்படியே வரும்னு நம்பாதீங்க. சூடு ஏறினா கார்டு தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். யாருமே பேசாத செலவு இது. பிளக்ல மீட்டர் மாட்டிப் பார்த்தேன், கேம் ஓடும்போது என் பிசியும் மானிட்டரும் சேர்ந்து 280 வாட்ஸ். தினம் மூணு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 50 யூனிட். பிஎஸ்5-ம் பெரிய டிவியும் சேர்ந்தாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஐம்பது யூனிட்டுக்கு என்ன ஆகும்? அது உங்க வீடு ஏற்கெனவே எங்க நிக்குதுங்கிறதைப் பொறுத்தது. 2024 ஜூலை கட்டணப்படி, 300 யூனிட் ஓட்டுற வீடு 350-க்குப் போனா யூனிட்டுக்கு 4.80, ஆக 240 ரூபாய். ஆனா ஏற்கெனவே 490-ல நிக்கிற வீடு? முதல் பத்து யூனிட் 6.45. ஐநூறைத் தாண்டினதும் ஒவ்வொண்ணும் 8.55. அதோட, ஐநூறுக்குள்ள இருந்தா ரெண்டாவது நூறு யூனிட்டுக்குப் பாதி விலைச் சலுகை உண்டு, தாண்டினா அதுவும் போயிடும். எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 650 ரூபாய். வருஷத்துக்கு ஆறு பில்லுன்னா 3,900. பிஎஸ் பிளஸ் சந்தா மாதிரி இன்னொரு சந்தா, இது மின்வாரியத்துக்கு.

இதுல ரூமுக்கு ஏசி போட்டா பேச்சே மாறிடும். மணிக்கு ஒரு யூனிட்னு வச்சாலும் 180 யூனிட். கேமிங்ல அதிகம் கரண்ட் குடிக்கிறது கிராஃபிக்ஸ் கார்டு இல்ல, அதை ஆடுறவன்.

இன்வெர்ட்டர் வச்சிருக்கிற வீட்டுக்கு ஒரு வார்த்தை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கிற அந்த ஒரு இமைப்பொழுதுல பிசி ஆஃப் ஆகுதுன்னா, இன்வெர்ட்டர்ல யுபிஎஸ் மோடுக்கு மாத்துற ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா நல்ல பவர் சப்ளைகளே சில சமயம் முரண்டு பிடிக்கும். சைன் வேவ்தான் பாதுகாப்பு.

சரி, பெரியப்பாவுக்கு என்ன சொன்னேன்?

புது பிசி கட்ட இது நேரமில்ல. 2025 கடைசியிலேருந்து ரேம் விலையைப் பார்த்தீங்களா? ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. உலகத்துக்கே ரேம் சிப் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணு பேர் பண்றாங்க, மூணு பேரும் ஏஐ டேட்டா சென்டருக்குத் திரும்பிட்டாங்க. மைக்ரான் 2025 டிசம்பர்ல, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கிற குரூஷியல் பிராண்டையே மூடுறோம்னு சொல்லிட்டாங்க. 2021-ல கார்டுக்கு நடந்தது இப்போ ரேமுக்கு நடக்குது. "நாளைக்கு இன்னும் ஏறும் சார்" அதே குரல்ல கேக்குது. ஒரு தடவை அதுக்கு முப்பத்தோராயிரம் கொடுத்தாச்சு.

அதனால ரேம் ஏற்கெனவே உள்ளே இருக்கிற மெஷினைத் தேடினேன். கம்பெனிகள் கழிச்சுக் கட்டின ஆபீஸ் டெஸ்க்டாப். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுது, விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாம் தலைமுறை வேணும். ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின் சல்லிசா கிடைக்கும், ஏமாந்துடாதீங்க. எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், டவர் மாடல் 18,000-க்குப் பேசி முடிச்சேன். குட்டிப் பெட்டி மாடல் வேண்டாம், முழு சைஸ் கார்டு உள்ளே போகாது. அந்த ஆபீஸ் மெஷின்ல பவர் சப்ளை சின்னது, கார்டுக்குத் தனி வயர் கிடையாது. அதுக்குன்னே அளவெடுத்த மாதிரி ஆர்டிஎக்ஸ் 3050-ல 6 ஜிபி மாடல் இருக்கு. 70 வாட்ஸ், மதர்போர்டு ஸ்லாட்டிலேருந்தே கரண்ட் எடுத்துக்கும். எனக்குச் சொன்ன விலை 17,000. 24 இன்ச் மானிட்டர் 8,500, எஸ்எஸ்டி, கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து 49,000-க்குள்ள நிக்குது.

இது பிஎஸ்5-க்கு ஈடா? இல்ல. பக்கத்துல கூட வராது. வேலரன்ட் நூறு எஃப்பிஎஸ்ஸுக்கு மேல போகும், பழைய பெரிய கேம் எல்லாம் 1080பி-ல நல்லா ஓடும். புதுசு சிலது செட்டிங்கைக் குறைச்சாத்தான் நகரும். ஜிடிஏ 6 இதுல எப்போ வரும்னே தெரியாது, வந்தாலும் திணறும். தம்பிகிட்ட இதை மறைக்கல. முகம் சுருங்கிடுச்சு அவனுக்கு. ஆனா இதுல கம்பைலர் ஓடும், புராஜெக்ட் ஓடும், ஸ்டீம் சேல்ல எண்ணூறு ரூபாய்க்கு வாங்கின கேமும் ஓடும், ஆன்லைன் ஆட சந்தா கிடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு கார்டை மட்டும் மாத்தணும்னாலும் பவர் சப்ளையைப் பார்த்துட்டு மாத்திக்கலாம்.

பெரியப்பாகிட்ட கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சாங்க. "விளையாட்டுக்கும் சேத்துத்தான் இதுன்னு எழுதியிருக்கியே, இவன் கோடிங்குன்னுல்ல சொன்னான்?" அப்படின்னாங்க. தம்பி என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், "பெரியப்பா, நான் 2021-ல ஆபீஸ் வேலைக்குன்னு சொல்லி வாங்கினதும் இதுக்குத்தான்." கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "தெரியும்ப்பா. உங்க அப்பா அப்பவே சொல்லிட்டாக"ன்னாங்க.

எனக்கு இது இத்தனை வருஷமா தெரியாது.

மீதி இருபத்தாறாயிரம் தபால் ஆபீஸ்ல போடப் போறாங்களாம். மெஷின் இந்த வெள்ளிக்கிழமை வருது. கீழ் ஹால்ல வைக்கிறதா முடிவு, மாடி ரூம்ல இல்ல. சூட்டுக்காகன்னு நான் சொன்னேன், பெரியம்மாவுக்கு வேற காரணம் இருக்கும்னு நினைக்கிறேன். நவம்பர் 19 அன்னைக்குத் தம்பி யார் வீட்டுல இருப்பான்னு எனக்கு இப்பவே தெரியும், டிஸ்க் சுத்துற அந்த அஞ்சு வீட்டுல ஒண்ணுலதான்.

உங்க வீட்டு இபி பில்லுல ரெண்டு மாச யூனிட் எவ்வளவு, ஐநூறுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பார்த்து எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பழைய ஆபீஸ் மெஷின் வாங்கும்போது கடையிலேயே என்னென்ன திறந்து பார்க்கணும்னு பேசலாம். வரட்டுமா.